கதை நிற்கும் இடம், கை நகரும் இடம்

வீடியோ கேம் வரலாறு – பகுதி 14

சென்ற பகுதி, 1985இல் வெளியான ‘சூப்பர் மாரியோ பிரதர்ஸ்’ கேமோடு முடிந்தது. அதன் கதையை ஒரே வரியில் சொல்லிவிடலாம்: இளவரசியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள், மீட்டு வர வேண்டும். அதற்குமேல் யாரும் எதுவும் கேட்கவில்லை. ஓடவும் குதிக்கவும் கைக்கு ஓயாத வேலை இருந்தது. அடுத்த ஆண்டே, அதே நின்டெண்டோ பெட்டியில், கதை சொல்வதையே முழுநேர வேலையாகக் கொண்ட வேறொரு வகை கேம் வந்தது. ரோல் பிளேயிங் கேம், சுருக்கமாக ஆர்பிஜி. ஜப்பானில் அது ஒரு தலைமுறையை வளர்த்தது. தமிழ்நாட்டுப் பிள்ளைகள் அதே காலத்தில் அதே வகைப் பெட்டியைத்தான் வைத்திருந்தார்கள். ஆனால் அந்தக் கேம்கள் அவர்கள் கைக்கு வரவில்லை.

1990களின் நெய்வேலி டவுன்ஷிப்பை எடுத்துக்கொள்ளலாம். எண் போட்ட பிளாக்குகள், ஒரே வார்ப்பில் கட்டிய குவார்ட்டர்ஸ்கள், அப்பாவின் ஷிப்டுக்கு ஏற்றபடி சத்தம் குறைந்தும் கூடியும் இயங்கும் வீடுகள். கோடை விடுமுறையில் ஏதாவது ஒரு வீட்டுக்கு வீடியோ கேம் பெட்டி வந்துவிட்டால், அந்தத் தெருப் பிள்ளைகள் முழுக்க அந்த டிவியின் முன்னால்தான். பெட்டியின்மேல் ‘சாமுராய்’ என்றோ ‘மீடியா’ என்றோ ‘லிட்டில் மாஸ்டர்’ என்றோ எழுதியிருக்கும். உள்ளே இருந்தது நின்டெண்டோவின் ஃபாமிகாம் இயந்திரத்தைப் பார்த்துச் செய்த நகல். கேசட்டைச் செருகினால் மாரியோ, கான்ட்ரா, ரோட் ஃபைட்டர், சர்க்கஸ் சார்லி, டாங்கிகள் மோதும் பேட்டில் சிட்டி. அட்டையில் ‘9999999 இன் 1’ என்று அச்சடித்திருந்தாலும் சுற்றிச் சுற்றி வந்தவை அதே பத்திருபது கேம்கள்தான்.

அந்தக் கேசட்டுகளில் ஆர்பிஜி அனேகமாக இருந்ததில்லை. காரணம் எளிது. ஒரே கேசட்டில் பல கேம்களைத் திணிப்பவருக்குச் சின்னக் கேம்கள்தான் கட்டுப்படி ஆகும். மாரியோ மொத்தமே 40 கிலோபைட். ஆர்பிஜிக்கு அதைவிட இடம் வேண்டும், விட்ட இடத்திலிருந்து தொடர வழி வேண்டும், படிக்கத் தெரிந்த மொழியில் வசனம் வேண்டும். மூன்றும் நகல் கேசட்டுக்கு ஒத்துவராதவை.

ஜப்பானிய ஆர்பிஜிகளில் கதைக்கு எவ்வளவு, ஆட்டத்துக்கு எவ்வளவு என்ற பங்கீட்டை முதலில் தீர்மானித்ததும் இந்த இடக்கணக்குதான். இடம் இல்லாதபோது ஆட்டத்தின் விதிகளே கதையைச் சுமந்தன. இடம் பெருகியபோது கதை தனியே கழன்று ஓடப் பார்த்தது. அதை மறுபடி விதிகளோடு கட்டிப்போட்டவர்களும் வந்தார்கள்.

பூட்டிய அறையில் ஒரு பாடம்

எனிக்ஸ் என்ற ஜப்பானிய நிறுவனம் தன் தொடக்கக் காலத்தில் கேம் எழுதுபவர்களுக்காக ஒரு போட்டி நடத்தியது. அதில் தேறியவர்களில் இருவர் யூஜி ஹோரி, கோய்ச்சி நகமுரா. ஹோரி பத்திரிகைக்காரர், ‘ஷோனென் ஜம்ப்’ வார இதழில் எழுதிக்கொண்டிருந்தவர். நகமுரா கல்லூரி வயதைத் தாண்டாத புரோகிராமர். 1983இல் அமெரிக்கா சென்ற இவர்கள், அங்கே ஆப்பிள் கணினிகளில் ஓடிய ‘விசர்ட்ரி’யைப் பார்த்து மயங்கினார்கள். ‘அல்டிமா’வும் அவர்களை ஈர்த்தது. எண்கள் நிறைந்த, வரைபடத் தாளில் வழி குறித்துக்கொண்டு ஆட வேண்டிய கடினமான கேம்கள் அவை. கணினியே வாங்காத வீட்டுச் சிறுவனும் ஆடும்படி அவற்றை மாற்ற வேண்டும் என்பது ஹோரியின் ஆசை.

1986 மே 27 அன்று ‘டிராகன் குவெஸ்ட்’ வெளிவந்தது. ஓவியம் அகிரா தொரியாமா, இசை கோய்ச்சி சுகியாமா. மொத்த அளவு 64 கிலோபைட். இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரே ஒரு புகைப்படம் இதைப்போலப் பல மடங்கு. எழுத்து வடிவங்களைச் சேமிக்கக்கூட இடம் போதாமல், கட்டகானா எழுத்துகளில் சுமார் 20 மட்டும் வைத்துக்கொண்டு, அவற்றால் எழுத முடிந்த பெயர்களையே பூதங்களுக்கும் ஊர்களுக்கும் சூட்டினார் ஹோரி.

இந்த நெருக்கடியில் அவர் செய்த முதல் காரியம் இன்றும் வடிவமைப்பாளர்கள் படிக்கும் பாடம். கேம் அரசனின் அறையில் தொடங்குகிறது. அரசன் வேலையைச் சொல்லிவிடுகிறான். ஆனால் அறைக் கதவு பூட்டியிருக்கிறது. பெட்டியைத் திறந்தால் சாவி. சாவியால் கதவு. பக்கத்தில் காவலன், அவனிடம் பேசலாம். பிறகு படிக்கட்டு, அதில் இறங்கவும் ஒரு கட்டளை. அறையை விட்டு வெளியேறுவதற்குள் அந்தச் சிறுவன் எடுப்பது, திறப்பது, பேசுவது, இறங்குவது என்று கேமுக்குத் தேவையான கட்டளைகளை எல்லாம் கற்றுவிடுகிறான். விளக்கவுரைக்கு ஒரு பக்கம்கூடச் செலவாகவில்லை. கதையின் முதல் காட்சியும் ஆட்டத்தின் முதல் பாடமும் ஒரே அறைக்குள் நடந்து முடிகின்றன.

கோட்டைக்கு வெளியே வந்ததும் நீருக்கு அப்பால் இன்னொரு கோட்டை தெரிகிறது. கடைசியில் சென்று வெல்ல வேண்டிய டிராகன் அரசனின் கோட்டை அது. கண்ணுக்கெட்டும் தூரம்தான், போகத்தான் வழியில்லை. உலகையே சுற்றி வந்தால்தான் அந்தச் சிறிய நீர்ப்பரப்பைக் கடக்க முடியும். லட்சியத்தை வசனமாகச் சொல்லாமல் வரைபடத்திலேயே நட்டுவைத்துவிட்டார் ஹோரி.

சாவுக்கும் புது விதி வகுத்தார். மாரியோவில் மூன்று உயிரும் போனால் ஆட்டம் முடிந்தது. டிராகன் குவெஸ்டில் தோற்றால் மீண்டும் அரசன் முன்னால்தான் கண்விழிப்பு. கையிருப்பில் பாதிப் பணம் போய்விடும். சம்பாதித்த அனுபவப் புள்ளிகள் அப்படியே இருக்கும். தோல்விக்கு விலை உண்டு, ஆனால் கதை அறுபடாது. கை வேகம் இல்லாத சிறுவனும் பொறுமையாக லெவல் ஏற்றிக்கொண்டு கடைசி வரை போகலாம். கதையின் முடிவைத் திறமைசாலிகளுக்கு மட்டும் காட்டும் வழக்கம் இங்கே உடைந்தது.

மின்சாரம் போனால்?

நீண்ட கதை சொல்ல வேண்டுமென்றால் அதை நடுவில் நிறுத்தி மறுநாள் தொடர முடிய வேண்டும். டிராகன் குவெஸ்ட் கேசட்டுக்கு நினைவில் வைக்கும் வசதி கிடையாது. பெட்டியை அணைத்தால் எல்லாம் போய்விடும். அதற்கு ஹோரி குழு கண்ட வழி, ‘உயிர்ப்பிக்கும் மந்திரம்’. அரசனிடம் போய்க் கேட்டால் 20 எழுத்துகளை ஓதுவான். தாளில் எழுதிக்கொண்டு, மறுநாள் அதையே உள்ளிட்டால் லெவல், பணம், ஆயுதம் எல்லாம் திரும்பும். இரண்டாம் பாகத்தில் அந்த மந்திரம் 52 எழுத்துகள் வரை நீண்டது. ஒரு எழுத்தைத் தப்பாக எழுதிவைத்து, வாரக்கணக்கான உழைப்பை இழந்து அழுத பிள்ளைகள் ஜப்பானில் ஏராளம்.

நெய்வேலி டவுன்ஷிப் பிள்ளைகள் இதில் சற்றுக் கொடுத்துவைத்தவர்கள். மின்சாரத்தை உற்பத்தி செய்து தென் மாநிலங்களுக்கு அனுப்பும் ஊர், மின்வெட்டு அரிது. கான்ட்ராவின் கடைசிக் கட்டத்தில் கரண்ட் போய், முதலிலிருந்து தொடங்கும் கொடுமையைத் தமிழ்நாட்டின் மற்ற ஊர்ப் பிள்ளைகள்தான் அதிகம் அனுபவித்தார்கள். அரைமணி நேரத்தில் முடிகிற கேம்கள் மட்டுமே இங்கே வேரூன்றியதற்கு இதுவும் ஒரு காரணம் என்று கொள்ளலாம். நாற்பது மணி நேரக் கதைக்குச் சேமிப்பு வசதிதான் அடித்தளம்.

1988 பிப்ரவரி 10 அன்று வந்த ‘டிராகன் குவெஸ்ட் 3’ கேசட்டுக்குள் சிறு பேட்டரி வைத்து அந்தப் பிரச்சினையைத் தீர்த்தது. அன்று புதன்கிழமை. டோக்கியோ கடைகளின் முன் வரிசைகள் நீண்டன. முதல் நாளே பத்து லட்சத்துக்கு மேல் விற்றது. பள்ளிக்கு மட்டம் போட்டு வரிசையில் நின்ற மாணவர்கள் நூற்றுக்கணக்கில் போலீசிடம் மாட்டினார்கள். வேலைநாளில் டிராகன் குவெஸ்ட் விற்கக் கூடாது என்று ஜப்பானில் சட்டமே உண்டு என ஒரு பேச்சு பின்னர் உலகம் முழுக்கப் பரவியது. அப்படிச் சட்டம் எதுவும் இல்லை. அடுத்த பாகத்தை நிறுவனமே ஞாயிற்றுக்கிழமையில் வெளியிட்டது.

வாளை உறையில் போடும் சண்டை

1987 டிசம்பர் 18 அன்று ஸ்கொயர் நிறுவனத்தின் ‘ஃபைனல் ஃபேண்டஸி’ வந்தது. அதை வழிநடத்தியவர் ஹிரோனொபு சகாகுச்சி. ஓவியம் யோஷிதாகா அமானோ, இசை நொபுவோ உவேமத்சு, நிரல் ஈரானில் பிறந்த அமெரிக்கர் நாசிர் ஜெபெலி. ஹோரியின் நாயகன் வாய் திறப்பதில்லை. ஆடுபவர்தான் நாயகன் என்பது ஹோரியின் கட்சி. சகாகுச்சியின் பாதை வேறாகப் போனது. அவருடைய பாத்திரங்களுக்குப் பெயர், கடந்த காலம், குற்றவுணர்ச்சி எல்லாம் சேர்ந்தன. ஆடுபவர் அவர்களாக மாறுவதைவிட அவர்களைக் கூட இருந்து கவனித்துக்கொள்பவராக ஆனார்.

இந்த வழி 1991இல் ‘ஃபைனல் ஃபேண்டஸி 4’இல் கனிந்தது. நாயகன் செசில் ஒரு கருப்பு வீரன். அரசன் சொன்னான் என்பதற்காக அப்பாவிகளைக் கொன்றவன். பாவத்தைக் கழுவ ஒரு மலை ஏறுகிறான். உச்சியில் அவன் எதிரே நிற்பது அவனுடைய பழைய உருவம். சண்டை தொடங்குகிறது. அதுவரை அந்தக் கேம் கற்றுக்கொடுத்தது ஒன்றே: தாக்கு. இங்கே தாக்கினால் சண்டை முடியாது. அடி வாங்கிக்கொண்டு, திருப்பி அடிக்காமல் நிற்க வேண்டும். கட்டளைப் பட்டியலில் ‘தாக்கு’ என்ற வரியைத் தாண்டி விரல் போகும் அந்தக் கணத்தில்தான் செசில் மாறுகிறான். அவன் லெவல் 1க்குத் திரும்பிவிடுகிறான். புது மனிதன், முதலிலிருந்து தொடங்க வேண்டும். இவ்வளவையும் சொல்ல வசனம் சில வரிகளுக்குமேல் தேவைப்படவில்லை. ஒரு மெகாபைட் கேசட்டில் கதையைச் சுமந்தது சண்டையின் விதிதான்.

அதே கேமில்தான் ஹிரோயுகி இதோ உருவாக்கிய புதிய சண்டை முறையும் அறிமுகமானது. அதுவரை எதிரி, ஆடுபவர் கட்டளையிடும்வரை காத்திருப்பான். இதோவின் முறையில் நேரம் ஓடிக்கொண்டே இருக்கும். தயங்கினால் எதிரி முந்திக்கொள்வான். பட்டியலைப் படித்துத் தேர்ந்தெடுக்கும் சாவதானமான வேலைக்குள் பதற்றம் நுழைந்தது.

பிரசங்கம், கூத்து, தீமிதி

இப்படிக் கதையும் கையும் மாறி மாறிப் பொறுப்பேற்பதைக் கடலூர், விழுப்புரம் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில் திருவிழாக்களைப் பார்த்தவர்கள் சட்டென்று புரிந்துகொள்வார்கள். பகலில் பாரதப் பிரசங்கம். ஒருவர் சொல்ல ஊர் கேட்கிறது. இரவில் தெருக்கூத்து, ஊர் விழித்திருந்து பார்க்கிறது. அர்ச்சுனன் தபசு நாளில் கூத்தர் உயரமான தபசு மரத்தில் ஏற, கீழே வேண்டுதலோடு கூட்டம் நிற்கிறது. கடைசியில் படுகளம், பிறகு தீமிதி. கேட்டவர்களும் பார்த்தவர்களும் தாங்களே நெருப்பில் இறங்குகிறார்கள். கதை யார் பொறுப்பில் இருக்கிறது என்பது வேளைக்கு வேளை மாறுகிறது. பாரதம் மாறுவதில்லை. தீ மிதித்தவருக்கு மட்டும் அது அவருடைய பாரதம் ஆகிவிடுகிறது.

1995 மார்ச் 11 அன்று வெளியான ‘க்ரோனோ டிரிகர்’ இந்த வித்தையைத் தெரிந்தே செய்தது. போட்டியாளர்களான ஹோரியும் சகாகுச்சியும் சேர்ந்து செய்த கேம், ஓவியம் தொரியாமா. தொடக்கத்தில் ஒரு திருவிழா. ஆடுபவர் கடைகடையாகச் சுற்றுகிறார். ஒரு பெண் மோதி விழுகிறாள், அவளுடைய பதக்கம் தெறித்து ஓடுகிறது. மேசையில் யாருடையதோ சாப்பாடு இருக்கிறது. ஒரு சிறுமி பூனையைத் தேடிக்கொண்டிருக்கிறாள். எல்லாம் விளையாட்டுப்போக்கில் கடந்துபோகிறவை.

சில மணி நேரம் கழித்து நாயகன் நீதிமன்றத்தில் நிறுத்தப்படுகிறான், இளவரசியைக் கடத்தியதாக. சாட்சிகள் வருகிறார்கள். விழுந்த பெண்ணைத் தூக்கிவிட்டாயா, முதலில் பதக்கத்தை எடுத்தாயா? கிழவரின் சாப்பாட்டை எடுத்துத் தின்றது யார்? பூனையைக் கண்டுபிடித்துக் கொடுத்தது யார்? யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துச் செய்தவை அத்தனையும் ஜூரிகள் முன்னால் வருகின்றன. தீர்ப்பு அதற்கேற்ப மாறும். ஆனால் குற்றவாளி என்றாலும் நிரபராதி என்றாலும் நாயகன் சிறைக்குத்தான் போகிறான். கதைக்கு அவன் அங்கே போயாக வேண்டும். வழி ஒன்றுதான். அந்த வழியில் நடந்தவர் மட்டும் தான் செய்த காரியத்தின் கூச்சத்தையோ நிம்மதியையோ சுமந்துகொண்டு போகிறார். நூறு கிளைகளை எழுதாமலேயே கதையை ஆடுபவருடையதாக ஆக்க முடியும் என்பதற்கு இதைவிடச் சுருக்கமான சான்று கிடைப்பது கடினம்.

சுரங்க ஊரின் ரயில்

1997 ஜனவரி 31 அன்று சோனியின் பிளேஸ்டேஷனில் ‘ஃபைனல் ஃபேண்டஸி 7’ வந்தது. 64 கிலோபைட்டில் தொடங்கிய பயணம் மூன்று சிடிகளுக்கு வந்துவிட்டது. இயக்கியவர் யோஷினொரி கிடாசே. சினிமா எடுக்க ஆசைப்பட்டவர். வசனம் எழுதியவர்களில் முக்கியமானவர் கசுஷிகே நொஜிமா. தாயின் மரணம் தனக்குள் எழுப்பிய கேள்விகளைச் சகாகுச்சி இதன் கருவில் வைத்தார். பின்னர் ஒரு கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்று, ஜப்பானிய ஆர்பிஜியை உலகம் முழுக்கக் கொண்டு சேர்த்தது இந்தக் கேம்தான்.

இதன் உலகில் ஷின்ரா என்ற நிறுவனம் பூமிக்கடியிலிருந்து ‘மாகோ’ என்ற ஆற்றலை உறிஞ்சி மின்சாரமாக்குகிறது. நாயகன் குழுவில் பேரெட் என்று ஒருவன். வலக்கையில் துப்பாக்கி பொருத்தியவன். அவன் கோரல் என்ற நிலக்கரிச் சுரங்க ஊர்க்காரன். ஷின்ரா அங்கே உலை கட்ட வந்தபோது, நிலக்கரியின் காலம் முடிந்துவிட்டது, குடும்பங்கள் பிழைக்க இதுதான் வழி என்று ஊரைச் சம்மதிக்க வைத்தவர்களில் அவனும் ஒருவன். கடைசிவரை எதிர்த்தவன் அவனுடைய நண்பன் டைன். உலையில் வெடிப்பு நடந்தது. ஷின்ரா பழியை ஊர்மேல் போட்டு, ஊரை எரித்தது. பேரெட் திரும்பி வரும்போது, எஞ்சியவர்கள் ஒட்டுப்போட்ட குடிசைகளில் இருக்கிறார்கள். அவனைக் கண்டதும் அடிக்கிறார்கள். அவன் வாங்கிக்கொள்கிறான்.

நெய்வேலிக்கு இது தூரத்துக் கதை இல்லை. 1930களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு தோண்டியபோது நீரோடு வந்த கருப்புத் துகள்களில் தொடங்கிய ஊர் இது. 1956இல் நிலக்கரி நிறுவனம் அமைந்தது, 1957 மே 20 அன்று நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார், 1962இல் சோவியத் உதவியோடு முதல் அனல்மின் நிலையம் இயங்கியது. வேலை, குவார்ட்டர்ஸ், பள்ளி, மருத்துவமனை என்று பல்லாயிரம் குடும்பங்களை அது நிமிர்த்தியது. சுரங்கத்துக்காக நிலம் கொடுத்து இடம்பெயர்ந்த கிராமங்களும் இதே வரலாற்றில் இருக்கின்றன. 2023 ஜூலையில் வளையமாதேவியில் பயிர் நின்ற வயலில் கால்வாய் வெட்டியபோது மாநிலமே அதைப் பேசியது. ஊரை எரிக்கும் ஒரு கற்பனை நிறுவனத்தையும் ஒரு பொதுத்துறை நிறுவனத்தையும் ஒரே வரிசையில் நிறுத்துவது நியாயமாகாது. ஆனால் பூமிக்கடியில் கிடைப்பது ஓர் ஊருக்குச் சோறு போடும், பக்கத்து ஊரின் மண்ணைக் கேட்கும் என்ற இக்கட்டு நெய்வேலிக்காரர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. சம்மதம் சொன்னவனுக்கும் மறுத்தவனுக்கும் நடுவே பேரெட் படும் வேதனை அவர்களுக்குச் சீக்கிரம் எட்டும்.

கோரலின் கதையைப் பேரெட் வாயால் சொல்வதோடு கேம் விட்டுவிடவில்லை. இரண்டாம் சிடியில் ஷின்ராவின் ரயில் ஒன்று கட்டுப்பாடு இழந்து அதே குடிசைகளை நோக்கிப் பாய்கிறது. நேரம் கீழே ஓடிக்கொண்டிருக்கிறது. ஆடுபவர் பெட்டி பெட்டியாகச் சண்டையிட்டு எஞ்சினை அடைந்து, நெம்புகோல்களை இயக்கி நிறுத்த வேண்டும். நிறுத்தினால் ஊர் பிழைக்கிறது. நன்றியாக ஒரு சிறுவன் அபூர்வமான மந்திரக் கல்லைப் பரிசளிக்கிறான். தவறினால் ரயில் ஊருக்குள் புகுந்துவிடும். அந்தக் கல்லைப் பிறகு கேமின் பணத்தில் 50,000 கில் கொடுத்து வாங்க வேண்டும். ஏற்கெனவே ஒருமுறை எரிந்த ஊர், இந்த முறை ஆடுபவரின் கையில்.

அதே கேமின் மிகப் புகழ்பெற்ற காட்சி, முதல் சிடியின் முடிவில் ஏரித் கொல்லப்படுவது. அவள் குழுவின் சிறந்த மருத்துவச்சி. அவளுக்காகத் தேடித் தேடிச் சேர்த்த திறன்கள் அனைத்தும் அவளோடு போய்விடுகின்றன. அடுத்த சண்டையில் காயத்தை ஆற்றும் இடம் காலியாக இருக்கிறது. கொலை நடந்த உடனே ஒரு சண்டை வருகிறது. வழக்கமான சண்டை இசை அங்கே ஒலிப்பதில்லை. உவேமத்சு ஏரித்துக்காக எழுதிய இசை நிற்காமல் தொடர்கிறது. விரல்கள் கட்டளைகளைத் தேர்ந்தெடுத்துக்கொண்டே இருக்க, காது துக்கத்தில் இருக்கிறது. அவள் திரும்பி வருவாள் என்ற வதந்தியை நம்பி ஆண்டுக்கணக்கில் வழி தேடியவர்கள் உண்டு.

இடம் பெருகியபோது

சிடிக்குள் சினிமாத் துண்டுகள் தாராளமாக அடங்கின. கதை சொல்ல இப்போது விதிகளின் தயவு வேண்டியதில்லை. 1998இல் டெட்சுயா தகஹாஷி இயக்கிய ‘செனோகியர்ஸ்’, தத்துவமும் மதமும் கலந்த மாபெரும் கதை. நேரமும் ஆட்களும் போதாமல் போனபோது, இரண்டாம் சிடியின் பெரும்பகுதியில் பாத்திரங்கள் நாற்காலியில் உட்கார்ந்து நடந்ததைச் சொல்கிறார்கள். இடையிடையே ஒரு சண்டை. சொல்லப்படும் கதை உயர்ந்தது என்று இன்றும் வாதாடும் ரசிகர்கள் உண்டு. ஆனால் அங்கே ஆடுபவருக்கு மிச்சமிருப்பது கேட்பவரின் வேலை மட்டும்.

2009 டிசம்பரில் வந்த ‘ஃபைனல் ஃபேண்டஸி 13’ இதன் இன்னொரு முனை. கண்ணைப் பறிக்கும் காட்சிகள், வேகமான சண்டை. நடுவே ஒரே நீள நடைபாதை. ஊர் சுற்ற, கடைக்காரரிடம் பேச, வழி தவற இடமில்லை. பதினோராம் அத்தியாயத்தில்தான் பரந்த வெளி திறக்கிறது. அதற்குள் பலர் கைவிட்டிருந்தார்கள். கதையில் குறை சொன்னவர்களைவிட, கதைக்கு நடுவே மூச்சு விட இடமில்லை என்று சொன்னவர்கள்தான் அதிகம். டிராகன் குவெஸ்டின் ஊர்களில் உதவாக்கரை வசனம் பேசிக்கொண்டு நின்ற கிராமத்தார்கள் எவ்வளவு வேலை செய்திருந்தார்கள் என்பது அவர்கள் இல்லாதபோது தெரிந்தது.

நாட்காட்டி

இந்த முடிச்சைச் சிறப்பாக அவிழ்த்தவர்களில் ஒருவர் கட்சுரா ஹஷினோ. அட்லஸ் நிறுவனத்துக்காக அவர் இயக்கி, 2006 ஜூலையில் வந்த ‘பெர்சோனா 3’, ஒரு பள்ளி மாணவனின் கல்வியாண்டு. பகலில் வகுப்பு, மாலையில் நண்பர்கள், நள்ளிரவில் பூதங்கள் வாழும் கோபுரம். ஒவ்வொரு நாளும் நாட்காட்டியில் ஒரு கட்டம். இன்று மாலை யாரோடு போவது? நோயாளி நண்பனைப் பார்க்கப் போனால் படிப்புக்கு நேரமில்லை. படித்தால் அவன் காத்திருப்பான்.

ஹஷினோவின் நுட்பம் இங்கேதான். ஒருவரோடு நட்பு வளர வளர, அதே வகையைச் சேர்ந்த பூதத்துணை வலுவாக உருவாகும். எனவே நண்பனின் கதையைக் கேட்கப் போவது இரவுச் சண்டைக்கு ஆயத்தமாவதும் ஆகிறது. பலனுக்காகப் பழகத் தொடங்கியவர், மூன்றாம் நான்காம் சந்திப்பில் அந்த நண்பனின் வீட்டுக் கவலையில் கரைந்துபோகிறார். கதைக்கு ஒரு நேரம், ஆட்டத்துக்கு ஒரு நேரம் என்று பிரித்துக் கொடுக்கும் பழைய ஏற்பாடு போய், ஒரே மாலைப்பொழுது இரண்டுக்கும் செலவாகிறது. 2016இன் ‘பெர்சோனா 5’ இதே முறையை உலகம் முழுக்கக் கொண்டு சென்றது.

கிழிந்த சமையல் குறிப்பு

ஜப்பானியர்கள் தோண்டிய இந்த ஊற்று வேறு மண்ணிலும் பாய்ந்திருக்கிறது. 2023 ஜூலை 31 அன்று வெளியான ‘வெண்பா’வை உருவாக்கியது டொரன்டோவின் விசை கேம்ஸ். ஆர்பிஜி வகையில் அடங்காத சிறிய கேம். சில மணி நேரத்தில் முடிந்துவிடும். 1988இல் கனடாவில் குடியேறிய வெண்பா, கணவர் பாவலன், அங்கே பிறக்கும் மகன் கவின் ஆகியோரின் வாழ்க்கை.

வெண்பாவிடம் அம்மா கொடுத்த சமையல் குறிப்பு நோட்டு இருக்கிறது. பக்கங்கள் கிழிந்து, எழுத்து அழிந்து போயிருக்கின்றன. ஆடுபவரின் வேலை, விட்டுப்போன வரிகளை ஊகித்துச் சமைப்பது. இட்லிப் பானையில் தட்டுகளை எப்படி அடுக்கினால் ஆவி எல்லா இட்லிக்கும் போய்ச் சேரும்? புட்டுக் குழலில் எது முதலில், எது பிறகு? புதிருக்கு விடை கண்டுபிடிப்பதும், கடல் கடந்து வந்தவள் தன் அம்மாவின் கைப்பக்குவத்தை நினைவிலிருந்து மீட்பதும் அடுப்படியில் ஒரே செயலாக நடக்கின்றன. கவின் பெரியவனான பிறகு அவன் கையால் சமைக்க வேண்டிய இடமும் வருகிறது. அதே நோட்டு, ஆனால் அம்மாவுக்கு இருந்த நினைவு அவனுக்கு இல்லை. தலைமுறை இடைவெளியைப் பற்றி வசனம் எழுதாமல், புதிரின் கடினத்திலேயே அதை வைத்துவிட்டார்கள்.

2024இல் சுயாதீன கேம்களுக்கான ஐஜிஎஃப் விழாவின் முதன்மைப் பரிசையும், பாஃப்டாவின் சிறந்த அறிமுக கேம் விருதையும் வெண்பா பெற்றது. ஹோரி சாவியைப் பெட்டிக்குள் வைத்து அறையைப் பூட்டிய அந்த முறையின் நேரடி வாரிசு என்றே இதைச் சொல்ல வேண்டும். ஒரு பெரிய ஸ்டூடியோவின் பணமோ மூன்று சிடியின் இடமோ இதற்குத் தேவைப்படவில்லை. நெய்வேலியில் இன்று கணினி படிக்கும் ஒரு மாணவி கேம் செய்ய நினைத்தால், அவளுக்கு எட்டாத இடத்தில் இருப்பது எதுவும் இந்தக் கேமுக்குள் இல்லை.

இந்தப் பகுதியில் ஒரு பெரிய பெயர் வேண்டுமென்றே விடுபட்டிருக்கிறது. 1996 பிப்ரவரி 27 அன்று கேம் பாய் என்ற கையடக்க இயந்திரத்தில் வந்த ‘போக்கிமான்’. தமிழ்நாட்டுப் பிள்ளைகளில் பலர் முதலில் ஆடிய ஜப்பானிய ஆர்பிஜி அதுதான். டிவியில் கார்ட்டூன் பார்த்துவிட்டு, கணினியில் எமுலேட்டர் போட்டு ஆடியவர்கள். இரண்டு இயந்திரங்களை ஒரு கேபிளால் இணைத்தால்தான் 150 பிராணிகளையும் சேர்க்க முடியும் என்ற அதன் விதி, கதையைத் திரைக்கு வெளியே, பக்கத்து வீட்டுப் பையனிடம் கொண்டுபோய் விட்டது. அந்தக் கேபிளின் வரலாறு அடுத்த பகுதியில்.

(தொடரும்)